வண்டி ரோட்டோடு நிற்கட்டும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

கடன், சேமிப்பு பற்றி எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லா சொல்லிட்டாங்க. நான் நம்ம கடற்கரை மணலில் வண்டி ஓட்டுறதைப் பற்றிப் பேச வந்திருக்கேன்.

நித்யகல்யாணப் பெருமாளை சேவிக்க வர்றவங்களால தொந்தரவு இல்லை. மாலையைப் போட்டுக்கிட்டு கோயிலைச் சுத்திட்டுக் கிளம்பிடுவாங்க. சனி, ஞாயிறு ஈ.சி.ஆர். ரோட்டிலிருந்து திரும்புற காரும் பைக்கும்தான் பிரச்சினை. ரோடு முடிஞ்ச இடத்தில் நிக்காம மணல் மேட்டு மேல ஏறி, அலை பக்கம் வரைக்கும் போகுது. ஒரு வண்டி சிக்கிக்கிட்டா அதை இழுக்க இன்னொரு வண்டி. அதுக்குள்ள அடப்பங்கொடி பிஞ்சு நாராயிடும்.

கொடிதானேன்னு நினைக்காதீங்க. அந்தக் கொடியும் ராவணன் மீசையும்தான் காத்துல பறக்கிற மணலைப் பிடிச்சு மேடாக்குது. மழை பெஞ்சா அந்த மேடு தண்ணியை உள்ளே வாங்கி வச்சுக்கும். நல்ல தண்ணி உப்புத் தண்ணியை விட லேசு. அது மேலே நின்னு, கடல் தண்ணி நிலத்துக்கு அடியில ஏறி வராம அழுத்திப் பிடிக்குது. மேடு கரைஞ்சா அடி பம்புல உப்புதான் வரும். அப்புறம் குடத்தோட அலையப் போறது காரில் வந்தவங்க இல்லை, நாமதான். 2004 சுனாமியிலும் மணல் மேடு இருந்த இடங்களில் பல இடத்தில் அடி குறைஞ்சதுன்னு நமக்குத் தெரியும்.

அடுத்தது பங்குனி ஆமை. தை மாசத்திலிருந்து ராத்திரியில் கரையேறி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி நூறு முட்டைக்கு மேல போடும். குஞ்சு வர ஒன்றரை மாசத்துக்கு மேல ஆகும். அது வரைக்கும் மேலே ஒரு அடையாளமும் இருக்காது. டயர் ஏறினா மணல் இறுகிடும். பொரிஞ்சு வந்த குஞ்சும் டயர் தடத்துப் பள்ளத்தில் விழுந்து ஏற முடியாமத் தவிக்கும். வெளிச்சம் தெரியுற பக்கம் கடல்னு நம்பி ஓடுறது அதோட பிறவிக் குணம். ஹெட்லைட் போட்டா ரோட்டுப் பக்கம் வந்து சாகும். 1972 வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு இருக்கிற அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு இந்த ஆமைக்கும் இருக்கு.

வண்டியைத் தடுக்க முடியுமான்னு கேட்கலாம். சத்தியமங்கலம் திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி ராத்திரியில் வண்டிக்குத் தடை இருக்கு. தாளவாடி மக்கள் எங்க பிழைப்பு என்ன ஆகுறதுன்னு போராடினாங்க. அதுக்கப்புறம் உள்ளூர் வண்டிகளுக்கு விலக்குக் கிடைச்சது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ். தென்னாப்பிரிக்காவில் கடற்கரையில் உல்லாசத்துக்கு வண்டி ஓட்டுறதையே 2001-ல் தடை பண்ணிட்டாங்க. பெரிய பெரிய மலை ரோட்டையே கட்டுப்படுத்தும்போது நம்ம மணலுக்கு ஒரு சங்கிலி போட முடியாதா?

திம்பத்துக்காரங்க கேட்ட கேள்வியை நாமும் கேட்டுக்கணும். ஃபைபர் போட்டை இழுக்கிற டிராக்டரும் மீன் ஏத்துற குட்டியானையும் கண்டிப்பா போகணும். ஆம்புலன்சும் போகணும். அதை மறிக்கிற எந்தத் திட்டத்துக்கும் நான் கை தூக்க மாட்டேன். அதுவும் ஒரே தடத்தில் போய் வந்தா போதும்.

சுண்டல், பஜ்ஜி கடை போடுற நம்ம சகோதரிகள் முகம் மாறுறது எனக்குத் தெரியுது. கார் அலை பக்கம் வராட்டி வியாபாரம் குறையும்னு நேத்தே ஒரு அக்கா சண்டை போட்டாங்க. கொஞ்ச நாள் குறையலாம், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரோடு முடியுற இடத்தில் எல்லா வண்டியும் நின்னா, எல்லாரும் நம்ம கடை வரிசையைத் தாண்டித்தான் நடந்து போகணும். இப்போ அவங்க நேரா அலைக்குப் போயி, வீட்டிலிருந்து கொண்டு வந்ததைச் சாப்பிட்டு, குப்பையை மட்டும் நமக்கு விட்டுட்டுப் போறாங்க. வண்டி நிறுத்துற இடத்தை ஊராட்சி அனுமதியோட குழுவே பார்த்துக்கிட்டா டோக்கன் காசும் நம்ம கணக்கில் ஏறும்.

நான் கேட்கிறது இதுதான். மணல் தொடங்குற இடத்தில் கல் தூண் நட்டு, நடுவில் பூட்டோட சங்கிலி. சாவி ஒண்ணு மீனவர் பஞ்சாயத்துல, ஒண்ணு ஊராட்சி ஆபீசுல. இதை அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமா வைக்கணும். கையெழுத்து நோட்டு நம்ம கணக்காளர் கிட்ட இருக்கு. சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி போட்டுட்டுப் போங்க. கடை வச்சிருக்கிறவங்க கையெழுத்து முதல் பக்கத்திலேயே இருந்தா நல்லது.