உலைக்கு யுரேனியம் எங்கிருந்து வருகிறது?
(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



அணு மின்சார உலையை நம்மில் பலர் புராணத்து அட்சய பாத்திரம்போல நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தடவை யுரேனியத்தைப் போட்டுவிட்டால் காலமெல்லாம் மின்சாரம் வந்துகொண்டே இருக்குமாம். அப்படி ஒன்றும் கிடையாது. அதற்கும் அடுப்புக்கு விறகு தேடுவதுபோல் தேடித்தானாக வேண்டும். அதுவும் வருஷக்கணக்கில் முன்கூட்டியே.

பம்பாய்க்கு வடக்கே, 1969-ல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய தாராப்பூர் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூமியில் தோண்டியெடுக்கும் யுரேனியத்தில் உலைக்குப் பயன்படும் வகை ஆயிரத்தில் சுமார் 7 பங்குதான். அதை 20 பங்குக்கு மேல் உயர்த்தினாலொழிய தாராப்பூர் உலை வேலை செய்யாது. அதற்காக யுரேனியத்தை ஆவியாக்கிச் செறிவேற்ற வேண்டும். பிறகு பொடியாக்கி, வில்லையாக்கி, குழாயில் அடைக்க வேண்டும். உலையை நிறுத்திப் பழைய எரிபொருளில் ஒரு பகுதியை மாற்றும் நாள் வருமுன்பே இவ்வளவும் முடிந்திருக்க வேண்டும். இதற்குப் பஞ்சாங்கம் உதவுமா? கணக்குத்தான் உதவும்.

கணக்கு மாத்திரம் போதுமா என்றால், போதாது. 1963-ல் இந்திய சர்க்கார் அமெரிக்காவோடு 30 வருஷத்துக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. தாராப்பூருக்கு அமெரிக்கா கொடுக்கும் யுரேனியத்தைத் தவிர வேறு எதையும் உபயோகிப்பதில்லை என்பது அதன் ஏற்பாடு. ஒரே கடையில்தான் அரிசி வாங்குவேன் என்று எழுதிக்கொடுத்த குடும்பத்தின் நிலைமை என்னவாகும்? 1974-ல் இந்தியா பொக்ரானில் அணுகுண்டைச் சோதித்தது. 1978-ல் அமெரிக்கா புதுச் சட்டம் போட்டு, உன் நிலையங்கள் எல்லாவற்றையும் சோதனைக்குத் திறந்துவிடு என்றது. இந்தியா மறுத்தது, சரக்கு வருவது இழுபறியாயிற்று. 1982-ல் பிரான்ஸ் கொடுக்க முன்வந்தது. பிறகு சீனா, அதற்கும் பிறகு ருஷியா என்று வாசல் வாசலாக ஏற வேண்டியதாயிற்று.

சரி, சொந்த யுரேனியம் இருந்தால் தீர்ந்துவிடுமே என்பீர்கள். கல்பாக்கம் உலைகள் செறிவேற்றாத யுரேனியத்தில் ஓடும்படி கட்டப்பட்டவை. ஜார்க்கண்டில் ஜாதுகுடா சுரங்கமும் நமக்கு இருந்தது. இருந்தும் என்ன? உலைகள் பெருகிய வேகத்தில் சுரங்கங்கள் பெருகவில்லை. 2008 வாக்கில் இவ்வகை உலைகள் பல, எரிபொருள் போதாமல் ஏறக்குறையப் பாதிச் சக்தியில்தான் ஓடின. அவ்வருஷம் செப்டம்பரில் அணுப்பொருள் விற்கும் நாடுகள் தடையை நீக்கிய பின்னரே பிரான்ஸ், ருஷியா, கஜகஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வாங்க முடிந்தது.

இது சனி பகவான் பிடித்ததால் வந்த கஷ்டமா? உலையைக் கட்டத் திட்டம் போட்டவர்களுக்கு, அது எவ்வளவு தின்னும் என்பதும், சுரங்கம் தோண்ட எத்தனை வருஷமாகும் என்பதும் தெரியாத விஷயங்களல்ல. ஆகையால், உங்கள் பக்கத்தில் உலை வரப்போகிறது என்று யாராவது மேடை போட்டுப் பெருமை பேசினால், “எத்தனை வருஷத்துக்கு எரிபொருள் ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்? எத்தனை பேரிடம்? அவர்கள் என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள்?” என்று எழுந்து நின்று கேளுங்கள்.