சாமுண்டப்பையின் நந்தாவிளக்கு



கலசப்பாக்கத்திற்கு வடக்கே, போளூரை அடுத்து விளங்குவது திருமலை. அங்குக் கவிந்து நிற்கும் பெரும்பாறையின் கீழ் அமைந்த குகை அறைகளில் பழைய ஓவியங்களின் எச்சங்களைக் காணலாம். பாறையிலேயே வடிக்கப்பெற்ற நேமிநாதர், சிகாமணிநாதர் என்னும் திருப்பெயருடன் ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்தில் நிற்கிறார்.

மலையுச்சிக்கு அருகே ஒரு பாறைக் கல்வெட்டு உண்டு. அது முதலாம் இராசேந்திரனின் 13ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கங்கை வரை சென்ற அவன் வெற்றிகளை அது கூறுவதால் வரலாற்றறிஞர் அதனைப் போற்றுவர். ஆயின், அது வெட்டப்பட்ட நோக்கம் வேறு. நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்திற்கு நந்தாவிளக்கு எரிக்க 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் அளித்தார். பேரரசனின் வெற்றிகள் அனைத்தும் அவ்வறத்திற்கு முன்னுரையாகவே நிற்கின்றன.

பழம்பாறைகளைக் காணச் செல்வோருள் சிலர், தம் பெயரை அவற்றில் கீறிவிட்டு வருகின்றனர். அது பாறைக்கு வடு, பெயருக்கும் இழுக்கு. சாமுண்டப்பையின் பெயரோ, கொடுத்தமையால் ஆயிரம் ஆண்டுகளாக நிலைத்துள்ளது.

திருமலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், அக்கல்வெட்டின் அருகே சற்று நின்று அவ்வம்மையின் கதையைச் சொல்வார்களாக. அதைக் கேட்டு வளரும் பிள்ளையின் கை, ஓவியச் சுவரைக் கீறாது. அதனைக் காக்கவே நீளும்.