களப்பிலே எத்தனை வள்ளங்கள்?

(கடற்றொழிலாளர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



களப்பிலே எத்தனைபேர் தொழில் செய்வது, வெளிக்கடலுக்கு எத்தனைபேர் செல்வது என்பதே இன்று நம்முன் உள்ள வழக்கு. வழக்கென்றால் முதலிற் சான்று வேண்டும். இங்கே கணக்கே சான்று.

உதாரணத்துக்குப் பத்துப்பேரை எடுத்துக்கொள்வோம். வெளிக்கடலில் எத்தனைபேர் சென்றாலும், எண்ணெய்ச் செலவு போக, ஆளுக்கு 30 கிலோ மீன் கிடைக்கிறது என்க. களப்போ சிறியது. அங்கே மூவர் வலைவீசினால் ஆளுக்கு 45 கிலோ, ஐவரானால் 35, அறுவரானால் 30. ஆகவே அறுவராகும்வரை களப்பை நோக்கி ஆட்கள் வந்துகொண்டேயிருப்பர். ஈற்றில் எல்லாருக்கும் 30 கிலோ. ஊரின் மொத்தம் 300. பார்வைக்குச் சமநீதிபோலத் தோன்றும்.

ஆனால், ஆறாமவர் வரவால் விளைந்தது யாது? ஐவர் பிடித்தது 175 கிலோ. அறுவர் பிடித்தது 180. தம் கூடையில் 30 கிலோ கொண்டுசெல்பவர், ஊருக்குக் கூட்டியது ஐந்தே கிலோ! மிகுதி மற்ற ஐவரின் வலையிலிருந்து வந்தது. அவரைக் குறைகூறேன்; விதியில்லாத இடத்தில் எவரும் செய்வதையே அவரும் செய்தார். கடைசியாகச் சேரும் ஆள் கூட்டும் இவ்வளவையே பொருளியலார் எல்லை உற்பத்தி என்பர். சராசரியைப் பார்த்தே இடம் தேடுவதால் கடல்வளத்தின் பயன் வீணாவதைக் கனடா நாட்டு அறிஞர் ஸ்கொட் கோர்டன் 1954இலே எடுத்துக்காட்டினார்.

களப்பில் மூன்றாமவர் கூட்டுவது 35 கிலோ. நான்காமவர் கூட்டுவது 25. ஆகவே நான்காமவர் வெளிக்கடல் செல்வதே ஊருக்கு ஆதாயம். மூவர் களப்பில், எழுவர் வெளிக்கடலில் நின்றால் மொத்தம் 345 கிலோ.

அந்த மூவர் யாவர்? செல்வாக்குடையோரா? எல்லை உற்பத்தி, ஆட்களை எங்கே நிறுத்துவதென்று சொல்லும். யாருக்கு எவ்வளவென்று சொல்லாது. அதைச் சொல்லவேண்டியது நீதி. நீர்கொழும்புக் களப்பிலும் பழவேற்காட்டு ஏரியிலும் தொழிலாளர் சீட்டுக் குலுக்கிப் பாடுகளை முறைவைத்துப் பகிர்ந்த வழக்கம் நம்முன் உண்டு. அவ்வாறே முறைவைப்போமாயின், காலப்போக்கில் ஒவ்வொருவருக்கும் 34½ கிலோ.

இன்னுமொன்று. வெளிக்கடலுக்கேற்ற வள்ளமும் இயந்திரமும் இல்லாதவனைப் பார்த்து, “களப்பை விட்டுப் போ” என்று சொல்வது கொடுமை. முதலில் அவனுக்குக் கடனும் வள்ளமும் கொடுங்கள். பின்னர் முறையை எழுதுங்கள். அந்த முறையை எழுதும் கை, வலை இழுக்கும் கையாக இருக்கட்டும்!