கட்டிலருகே இருப்பவரும் முதியவரே



முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டுசெல்லும் வீடுகள் பலவற்றில், படுத்திருப்பவருக்கு 80 வயது. அவரைத் தூக்கி உட்கார்த்தி, துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டும் மனைவிக்கோ 75. அந்த அம்மாளின் கை நடுங்குவதும் உடல் மெலிந்ததும் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. "நீங்களும் நன்மை வாங்குங்கள்" என்றால், "இப்போதுதானே சாமி கஞ்சி குடித்தேன்" என்று ஒதுங்கி நிற்கிறார்கள்.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், எண் 919, முதியோருக்கும் நோயாளருக்கும் மட்டுமன்று, அவர்களைப் பராமரிப்போருக்கும் அந்த ஒரு மணி நேர உபவாசத்திலிருந்து விலக்களிக்கிறது. கஞ்சி குடித்துவிட்டே வாங்கலாம், அம்மா!

நோயில்பூசுதலும் அப்படியே. இன்னும் 'அவஸ்தைபூசுதல்' என்றே சொல்லி, குருவானவர் எண்ணெயோடு வந்தால் சாவு வந்ததாக நடுங்குகிறீர்கள். ஆறாம் சின்னப்பர் 1972-இல் புதுப்பித்த சடங்கின்படி, கடும் நோய் இல்லாவிடினும் முதுமையால் மிகவும் தளர்ந்தவர் அதைப் பெறலாம். பணிவிடை செய்தே ஓய்ந்துபோனவரும் தயங்காமல் கேளுங்கள்.

மரியாயின் சேனையாரே, வின்சென்ட் தே பவுல் சபையாரே, நோயாளியை விசாரித்தபின் மற்றவரையும் விசாரியுங்கள்: சாப்பிட்டாரா, இரவு தூங்கினாரா, எங்கேனும் தடுமாறி விழுந்தாரா? ஒரு ஞாயிறு நீங்கள் கட்டிலருகே அமர்ந்துகொண்டு, அவரைப் பூசைக்கு அனுப்புங்கள்.