வார்டிலிருந்து வகுப்பறைக்கு

(ஆசிரியப் பணிக்கான மேற்படிப்புக்கு வந்திருந்த செவிலியரிடையே பெங்களூரில் ஆற்றிய உரை)



உங்களுள் பலர் பத்து, பதினைந்து ஆண்டுகள் பகற்பணியும் இரவுப்பணியும் பார்த்தவர்கள். நோயாளியைப் பேணுவது எப்படி என்று உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனினும், அதைப் பிறருக்குச் சொல்லித்தருவதற்குத் தனியாக ஒரு பயிற்சி வேண்டும் என்று உங்களை இங்கு அனுப்பியிருக்கிறார்கள். இது தேவைதானா என்ற ஐயம் உங்களுள் சிலருக்கு இருக்கக்கூடும். எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அது நீங்கிய விதத்தைச் சொல்லித் தொடங்குகிறேன்.

நான் அறுவைச் சிகிச்சை வார்டு ஒன்றில் பொறுப்புச் செவிலியாக இருந்தபோது, வயிற்றில் அறுவை முடிந்து திரும்பியிருந்த ஓர் இளைஞரின் கட்டிலைக் கடந்து சென்றேன். இரண்டடி சென்றவள் திரும்பி வந்து, மருத்துவரை உடனே அழைக்குமாறு பயிற்சி மாணவியிடம் கூறினேன். அவள் எழுதி வைத்திருந்த இரத்த அழுத்தக் கணக்கில் குறை ஏதும் இல்லை. ஆயினும் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மீண்டும் அறுவை செய்தார்கள், அவர் பிழைத்தார். அன்று மாலை அந்த மாணவி, "சிஸ்டர், உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டாள். "பார்த்தாலே தெரியும், அம்மா" என்றேன்.

அந்த விடையைப் பற்றி அப்போது எனக்குப் பெருமைதான். ஆண்டுகள் சில கழித்து நானும் உங்களைப் போல ஆசிரியப் பயிற்சிக்குச் சென்றேன். அங்கே என் ஆசிரியை இதே நிகழ்ச்சியை ஒரு பாடமாக எழுதி வருமாறு பணித்தார். இரண்டு நாள் வெற்றுத் தாளுடன் உட்கார்ந்திருந்தேன். நான் கண்டதுதான் என்ன? அவர் போர்வையின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டார். மேலுதட்டில் குளிர்ந்த வியர்வை. சற்று முன்னர்தான் தண்ணீர் கேட்டவர் மீண்டும் கேட்டார். மூச்சு விரைந்திருந்தது. சிறுநீர்ப் பையில் ஒரு மணி நேரமாக ஏற்றம் இல்லை. இவ்வளவையும் என் கண் கண்டிருந்தது. வாய்க்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

எழுதத் தொடங்கிய பிறகுதான் காரணத்தையும் புத்தகத்தில் தேடிப் படித்தேன். இரத்தம் குறையும்போது உடல் தன் குழாய்களைச் சுருக்கியும், இதயத் துடிப்பை விரைவாக்கியும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. உடல்நலமுள்ள இளைஞரிடம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரத்தம் போகும்வரைகூட அழுத்தம் வெளிப்படையாக வீழாமல் இருக்கலாம். ஆகவே அழுத்தத்தை மட்டும் குறித்துக்கொண்டிருக்கும் மாணவி மிகவும் காலந்தாழ்ந்தே விழித்துக்கொள்வாள். அன்று நான் அவளுக்குக் கற்பித்திருக்க வேண்டியது இதுவே. "பார்த்தாலே தெரியும்" என்ற விடையால் அவளுக்கு ஒரு பயனும் விளையவில்லை. சிஸ்டருக்கு ஏதோ தனிவரம் இருக்கிறது என்றே எண்ணிப் போயிருப்பாள்.

அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் பட்ரீஷியா பென்னர் 1984-இல் வெளியிட்ட நூலில் இந்த நிலையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். புதியவர் விதிகளைப் பற்றிக்கொண்டு நடக்கிறார். தேர்ந்தவரோ முழு நிலைமையையும் ஒரே பார்வையில் உணர்கிறார், விதிகளை எண்ணிப் பார்ப்பதில்லை. தேர்ச்சி மிக மிக, தாம் எவ்வாறு அறிகிறோம் என்பதைச் சொல்லும் ஆற்றல் தானே வளர்ந்துவிடுவதில்லை. சிறந்த செவிலியர் அனைவரும் சிறந்த ஆசிரியராக அமையாததன் காரணம் இங்கேதான் இருக்கிறது. அனுபவத்தைச் சொல்லாக்குவதே ஆசிரியப் பயிற்சியின் உயிர்நாடி என்பது என் கருத்து. மற்றவையெல்லாம் அதற்குத் துணை.

நம் நாட்டில் இந்தத் தேவை உணரப்பட்ட வரலாற்றைச் சிறிது காண்போம். சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1871-இலேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. எனினும், சர் ஜோசப் போர் அவர்களைத் தலைவராகக் கொண்ட சுகாதார ஆய்வுக் குழு 1946-இல் அறிக்கை அளித்தபோது, நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருந்தனர். 43,000 மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கு. எண்ணிக்கையைப் பெருக்க வேண்டுமாயின் முதலில் ஆசிரியர் வேண்டும். அதே 1946-இல் டில்லியிலும் வேலூரிலும் செவிலியர் பட்டப்படிப்புகள் தொடங்கின. டில்லிக் கல்லூரி 1959-இல் முதுநிலைப் படிப்பையும் தொடங்கிற்று. பட்டயம் பெற்றுப் பணியில் இருப்பவர் இரண்டே ஆண்டுகளில் பட்டம் பெறும் வழி 1963-இல் திருவனந்தபுரத்தில் திறந்தது. உங்களுள் பெரும்பாலோர் வந்த வழி அதுவே.

பெங்களூருக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையை ஒட்டி 1954-இல் அகில இந்திய மனநல நிலையம் அமைந்தது. 1956-இல் அங்கு, ஏற்கெனவே பயிற்சி பெற்ற செவிலியருக்கென ஓராண்டு மனநலச் செவிலியர் பட்டயப் படிப்பு தொடங்கப்பட்டது. மருத்துவமனையும் நிலையமும் 1974 டிசம்பர் 27-இல் ஒன்றாக இணைந்து, இன்று நாம் நிம்ஹான்ஸ் என அழைக்கும் நிறுவனமாயின. பின்னர்ச் செவிலியர் பாடத்திட்டங்களில் மனநலச் செவிலியம் கட்டாயப் பாடமாயிற்று. அதைக் கற்பிக்க ஒவ்வொரு பள்ளிக்கும் ஆள் தேவைப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் முதுநிலைப் படிப்பும் இங்கு வந்தது.

மனநலப் பிரிவை இங்கு நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. அறுவை வார்டில் செவிலியின் கைத்திறனைக் கண்ணால் காணலாம். மனநல வார்டில் அவருடைய கருவி பேச்சும் மௌனமுமே. அதை எப்படிக் கற்பிப்பது? 1952-இல் நூல் எழுதிய ஹில்டகார்டு பெப்லோ, செவிலிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று காட்டினார். அந்த வழியில் வந்த ஒரு முறைதான் உரையாடல் பதிவு. மாணவி நோயாளியுடன் சிறிது நேரம் பேசிவிட்டு வந்து, அவர் சொன்னது, தான் சொன்னது, அப்போது தன் மனத்தில் தோன்றியது ஆகியவற்றை வரிசையாக எழுதுகிறாள். பிறகு ஆசிரியருடன் அமர்ந்து ஒவ்வொரு வரியையும் ஆராய்கிறாள். இந்த இடத்தில் ஏன் பேச்சை மாற்றினாய்? அவர் அழத் தொடங்கியதும் ஏன் ஆறுதல் சொல்ல விரைந்தாய்? அவருக்காகவா, உனக்காகவா?

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பழகுவது எளிதன்று. கேட்கும் ஆசிரியரும் தம்மையே கேட்டுக்கொண்டவராக இருக்க வேண்டும்.

பெங்களூரில் இம்முறைக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. இந்நகரின் வார்டுகளில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, மலையாளம் அனைத்தும் ஒலிக்கின்றன. பாடமோ ஆங்கிலத்தில். ஒருமுறை ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர், "மண்டைக்குள்ள யாரோ நடக்கிறாங்க" என்று மாணவியிடம் சொல்லியிருக்கிறார். தமிழ் அரைகுறையாக அறிந்த அவள் அதை ஆங்கிலத்தில் "தலைவலி என்கிறார்" என்று எழுதி வந்தாள். நல்வாய்ப்பாக, அவளிடம் அவர் சொன்ன சொற்களை அப்படியே சொல்லிக் காட்டுமாறு கேட்டேன். அன்று முதல், நோயாளியின் சொற்களை அவருடைய மொழியிலேயே, மாணவிக்குத் தெரிந்த எழுத்தில் முதலில் எழுதிவிட்டுப் பிறகே மொழிபெயர்க்க வேண்டும் என்று விதித்துவிட்டேன். எந்தப் பாடத்திட்டத்திலும் இதை நான் கண்டதில்லை. நீங்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

உரையாடல் பதிவு மனநலப் பிரிவுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டியதில்லை. மகப்பேற்று வார்டில் ஒரு பிரசவத்தைக் கவனித்த அனுபவமிக்க செவிலி, ஒவ்வொரு கட்டத்திலும் தாம் எதைக் கண்டு எதை முடிவு செய்தார் என்று எழுதினால், அதுவே ஒரு சிறந்த பாடம். பயிற்சிக்கு வந்திருக்கும் நீங்கள், உங்கள் பணிக்காலத்தில் மறக்க முடியாத நிகழ்ச்சிகளுள் பத்தையேனும் இவ்வாறு எழுதிப் பாருங்கள். தவறிய நிகழ்ச்சிகளையும் விட்டுவிட வேண்டாம். அவற்றிலிருந்து மாணவர் கற்பது அதிகம்.

இனி, பாடத்திட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். இந்தியச் செவிலியர் கவுன்சில் முதுநிலைப் பட்டத்துக்கு வகுத்த திட்டத்தில், செவிலியர் கல்வியியலுக்கு 150 மணி வகுப்பும் 150 மணி செய்முறையும் ஒதுக்கப்பட்டன. சிறப்புப் பிரிவின் செய்முறைக்கோ முதலாண்டில் 650 மணியும் இரண்டாமாண்டில் 950 மணியும் உண்டு. கல்வியியலுக்கு நேரம் குறைவு என்று சிலர் குறை கூறுகின்றனர். நேரத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. அது செலவாகும் விதத்தைப் பற்றியே குறை. வண்ண அட்டையில் சிறுநீரகம் வரைவதிலும், பாடக் குறிப்பின் கட்டங்களை நிரப்புவதிலும் அந்த 150 மணியில் பெரும்பகுதி கரைந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். படம் அழகாக இருக்கட்டும். ஆனால் கட்டிலருகில், நோயாளியின் முன்னிலையில், அவர் மனம் புண்படாமல் ஆறு மாணவர்க்குக் கற்பிப்பது அதைவிடக் கடினமான கலை. எதை அங்கே சொல்லலாம், எதைத் தாழ்வாரத்துக்கு வந்த பிறகு சொல்ல வேண்டும் என்பதையே பயிற்சியில் மீண்டும் மீண்டும் பழக வேண்டும்.

மதிப்பீடும் அவ்வாறே. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டன் 1975-இல் அறிமுகப்படுத்திய, பல நிலையங்களாகப் பிரித்து நடத்தும் செய்முறைத் தேர்வு இப்போது நம்மிடமும் பரவிவிட்டது. தேர்வாளரின் விருப்பு வெறுப்பை அது குறைக்கும். எனினும், சரிபார்ப்புப் பட்டியலில் குறியிடத் தெரிந்தால் போதும் என்ற எண்ணத்தையும் அது வளர்த்துவிடலாம். பட்டியலில் இல்லாத ஒன்றை மாணவி கவனித்தாளா என்று பார்ப்பவரே ஆசிரியர்.

அலுவலர்களிடம் நான் முறையிட வேண்டியது ஒன்றுண்டு. பட்டயம் மட்டும் பெற்ற அனுபவமிக்க செவிலி ஒருவர் கல்லூரி ஆசிரியராக வேண்டுமாயின், பட்டத்துக்கு 2 ஆண்டு, முதுநிலைக்கு 2 ஆண்டு, ஆக 4 ஆண்டுகள் படிக்க வேண்டும். அவருக்குக் குடும்பம் உண்டு. பெரும்பாலும் வீட்டுக் கடனும் உண்டு. ஊதியத்துடன் படிப்பு விடுப்போ, அரசின் அனுப்புகையோ கிடைக்காவிடில் அவரால் இயலாது. அதே வேளையில், பட்டம் பெற்ற இளையவர் முதுநிலைப் படிப்பில் சேர ஓராண்டு அனுபவமே போதும் என்பது கவுன்சில் வகுத்த விதி. இதன் விளைவு என்ன? வார்டை அறிந்தவர் வார்டிலேயே நின்றுவிடுகிறார். வகுப்பறைக்கு வருபவருள் பலர் வார்டை நன்கு அறியாதவர். இளையவரைக் குறை கூறவில்லை. அவர்கள் அறிவாற்றல் மிக்கவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் மூத்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

திருமதி சரோஜினி வரதப்பன் அவர்களின் தலைமையில் செவிலியப் பணியை ஆராய்ந்த உயர்நிலைக் குழு 1989-இலேயே, பட்டயச் செவிலியர் பட்டம் பெறும் வாய்ப்புத் தொடர வேண்டும், முதுநிலைப் படிப்பு வலுப்பெற வேண்டும், பணியிடைக் கல்வி வேண்டும் என்று பரிந்துரைத்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பணியில் இருப்போருக்கென்றே தொலைநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கிற்று. 1996-இல் அமைந்த கருநாடகத்தின் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, முனைவர் பட்டத்துக்கான தேசியக் கூட்டமைப்பு 2005-இல் உருவாயிற்று. எனவே ஏணியின் மேற்படிகள் இருக்கின்றன. முதற்படியில் கால் வைப்பதற்குத்தான் கை கொடுக்க வேண்டியுள்ளது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசியச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அதன்கீழ் ஆசிரியர் தகுதிகள் வகுக்கப்படும்போது, வார்டில் கழித்த ஆண்டுகளுக்கும் ஓர் எடை தரப்பட வேண்டும்.

இன்னொன்று. ஆசிரியரானபின் வார்டை விட்டு விலகுவது உயர்வு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், கற்பிப்பவரே வார்டின் பொறுப்பையும் ஏற்கும் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. சுமை அதிகம்தான். ஆனால் காலையில் வகுப்பில் சொன்னதை மாலையில் தாமே செய்து காட்ட வேண்டிய ஆசிரியர், நடக்காத ஒன்றைச் சொல்லித்தர மாட்டார். ஆசிரியப் பணியிடங்களை உருவாக்கும்போது, வாரத்தில் இரண்டு நாளேனும் வார்டுப் பொறுப்பு என்று ஆணையிலேயே எழுதிவிடலாம். இதற்குப் பெரும் பொருட்செலவும் இல்லை.

வரும் திங்கட்கிழமை முதல் உங்களுக்குக் கற்பித்தற் பயிற்சி தொடங்குவதாக அறிகிறேன். முதல் வகுப்புக்கு எந்தப் பாடத்தை எடுப்பது என்று சிலர் என்னிடம் கேட்டீர்கள். உங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்ததையே எடுங்கள். எழுத உட்காரும்போது, அதைச் சொல்லத்தான் மிகவும் திணறுவீர்கள். உங்கள் வினாக்களுக்கு விடையளிக்க இன்னும் அரைமணி நேரம் இங்கிருப்பேன்.