அலட்சியமா, ஏழ்மையா?
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைச் சிற்றாலயப் போதகர் பேசியது)



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள். கல்வராயன் மலைக் குடும்பம். கரும்பு வெட்ட மணலூர்பேட்டைப் பக்கம் இறங்கி வந்திருந்தார்கள். பிள்ளைக்குக் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. கால்கள் வீங்கியிருந்தன. மூன்றாம் நாள் காலையில் கட்டிலில் பிள்ளை மட்டும் இருந்தது; தாயைக் காணோம். "பெற்றவள் செய்கிற காரியமா இது?" என்றார்கள் வார்டில். நாங்களும் அப்படியே நினைத்தோம். பிள்ளையை ஒரு இல்லத்தில் சேர்க்கும்படி குழந்தைகள் நலக் குழுவுக்குக் கடிதமும் ஆயத்தம் செய்துவிட்டோம்.

இருட்டியபின் அவள் வந்தாள், கையெல்லாம் கரும்புச் சோகை கீறிய காயம். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார்கள்; வேலைக்குப் போகாத நாளெல்லாம் கடனில் ஏறும். வயலோரக் குடிசையில் எட்டு வயது மகள் நான்கு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவனுக்கு நீங்க பால் குடுக்கிறீங்க சாமி. அதுங்க ரெண்டுக்கும் யாரு குடுப்பா?" என்று கேட்டாள்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டோம். ஆகார் பிள்ளையைச் செடியடியில் விட்டு விலகிப் போனதை எத்தனை முறை பிரசங்கித்திருப்போம்! துருத்தியில் தண்ணீர் தீர்ந்துபோனதை அல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும்?

எல்லாம் ஏழ்மைதான் என்று சொல்லவும் நாங்கள் வரவில்லை. கூலி வந்தும் அது சாராயத்துக்குப் போகிற வீடுகளை அறிவோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. அடிபடுகிற பிள்ளையையும், சோறிருந்தும் பட்டினி போடப்படுகிற பிள்ளையையும் காக்கச் சட்டத்தைத்தான் நாட வேண்டும். ஆகவே எங்கள் சமூகப் பணியாளர் இப்போது முதலில் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் அரிசியும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்திருந்தால் இந்தத் தாய் பிள்ளையை இப்படி விட்டிருப்பாளா?

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது. பிள்ளை குடும்பத்திலேயே வளர, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. ஆனால் அதற்கு வருமானச் சான்று வேண்டும், ஆதார் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். மலையிலிருந்து இறங்கி அலுவலகம் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும்; அன்றைக்கு அதிகாரி இல்லையென்றால் மறுநாள் கூலியும் போகும். காணிக்கைப் பணம் ஜெராக்ஸ் எடுக்கவா என்று சிரிக்காதீர்கள். அதற்கும்தான்.

உங்களில் பலர் "அநாதைப் பிள்ளைகளுக்கு" என்று குறித்து அனுப்புகிறீர்கள். நன்றி. அடுத்த முறை "தாய்மாருக்கு" என்றும் குறித்து அனுப்பலாம். நோயாளிப் பிள்ளையோடு வருகிற அக்காள் தம்பிகளுக்கும் இப்போது வார்டிலேயே சோறு போடுகிறோம்.