பாம்பின் நோயறிதல்: பார்வையும் சொல்லும்



சுங்கைப் பட்டாணியைச் சூழ்ந்த தோட்டங்களில் வளர்ந்த நம்முள் பலர், ஆலயப் புற்றுக்குப் பால் வார்த்தவர்களே. அன்பினால் செய்தோம், ஆயினும் பாம்பின் உணவு பாலன்று. வற்புறுத்திப் புகட்டினால் அது மூச்சுக்குழலுள் இறங்கி உயிரையே பறிக்கக்கூடும். அறியாத அன்பும் நோய்க்குக் காரணமாகலாம் என்பதைப் பாம்பு வளர்ப்போர் முதலில் உணர்தல் வேண்டும்.

இயல்பு எது, நோய் எது எனப் பிரித்தறிவதே அடுத்த படி. பினாங்கு, பாயான் லெப்பாசிலுள்ள பாம்புக் கோயிலில் குழிவிரியன்கள் பகலில் கிளைமீது அசையாது கிடப்பதைக் கண்டிருப்போம். அது நோயன்று; பதுங்கியிருந்து இரைபிடிக்கும் இனத்தின் இயல்பு. சட்டை உரிக்குமுன் பாம்பின் கண் நீலம் பூத்து மங்கும். அப்போது அது உணவை மறுப்பதும் உண்டு. சில நாள்களில் கண் தெளியும். பின்னர்ச் சட்டை கழலும். துண்டுதுண்டாகக் கழன்றாலோ, கண்மேல் படலம் எஞ்சினாலோ, பெரும்பாலும் கூண்டில் ஈரப்பதம் போதவில்லை என்பது பொருள். அதனைக் கையால் பிய்த்தல் கூடாது, கண்ணே பழுதாகும். ஈரத்துணி விரித்த பெட்டியில் சிறிது நேரம் விட்டால் சட்டை இளகிக் கழலும்.

வாய் திறந்து மூச்சு விடுதல், மூக்கில் நுரை கட்டுதல், வாய்க்குள் சீழ், செதில்களிடையே கரும்புள்ளிகளாய் ஊரும் உண்ணி, உடல் மெலிதல் ஆகியவை நோய்க்குறிகள். பாம்பின் உடல்வெப்பம் சூழலைச் சார்ந்தது. குளிரூட்டிய அறையில் வைத்தால் இரை செரியாமல் கக்கும். நுரையீரல் நோயும் பற்றும். ஆகவே முதலில் வெப்பமானியைப் பார்த்தல் வேண்டும். பின்னர், இரையுண்ட நாள், சட்டை உரித்த நாள், எடை ஆகியவற்றைக் குறித்த ஏட்டுடன் கால்நடை மருத்துவரை நாடுவோம். மனிதர்க்குரிய மருந்தை நாமாகக் கொடுத்தல் ஆகாது.

மாணவர்களே, செம்பனைத் தோட்டத்தில் கண்ட மலைப்பாம்பை வீட்டிற்குக் கொணர வேண்டா. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமமின்றி அதனை வைத்திருத்தல் குற்றம். பொதுத் தற்காப்புப் படையினரை அழையுங்கள்.

"பாம்புக்கு உடம்பு சரியில்லை" என்றால் மருத்துவர்க்கு ஒன்றும் விளங்காது. "மூன்று நாளாக வாய் திறந்து மூச்சு விடுகிறது" என்றால் விளங்கும். கண்டதைக் கண்டவாறு உரைக்கும் பயிற்சியை நம் தமிழ் வகுப்பிலேயே தொடங்குவோம். பேசாத உயிர் ஒன்று அதனால் பிழைக்கும்.